அழுகிற பிள்ளையும் அமைதியான வீடும்

மாரிக்கனியை அழவிடக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான். பிள்ளைக்கு இடம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். என் மகளுக்கு இழுப்பு. நாலு மூச்சு சேர்ந்தாற்போல அழுதால் ஐந்தாவது மூச்சு உள்ளே போகாது. விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழும், உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலமாகும், தொண்டையில் விசில் அடிக்கும். அதனால் அவள் கையை நீட்டினால் நீட்டிய சாமான் கைக்குப் போய்விடும். கரண்டி, செருப்பு, சாமி படம், எல்லாம் போயிருக்கிறது. ஒருமுறை கத்தரிக்கோலைக் கேட்டாள். அதையும் கொடுத்துவிட்டு, அவள் விரலுக்கும் கத்தரிக்கும் நடுவே என் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அவளுக்கு ரெண்டு வயது முடியவில்லை. நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். கல்யாணமான கையோடு திருப்பூருக்கு பஸ் ஏறினோம். என் வீட்டுக்காரர் குருசாமிக்கு நிட்டிங் கம்பெனியில் வேலை. ஒரு பக்கம் நூலைக் கொடுத்தால் மறுபக்கம் பனியன் துணி குழாய்போல இறங்குமே, அந்த மெஷினை ஓட்டினார். நானும் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டேன். குடியிருந்தது அவருடைய கம்பெனியின் பின்சுவரை ஒட்டிக் கட்டிய அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் ராவும் பகலும் மெஷின் ஓடும். காற்றுக்காக மேலே விட்டிருந்த ஓட்டை வழியாகக் காற்று வந்ததோ இல்லையோ, பஞ்சு வந்தது. சோற்றில் பஞ்சு, குடத்தில் பஞ்சு. காலையில் எழுந்தால் புருஷனும் பெண்டாட்டியும் தலை நரைத்துப்போய் உட்கார்ந்திருப்போம். மாரிக்கனி ஆஸ்பத்திரியில் பிறந்து நேராக அந்த அறைக்குத்தான் வந்தாள்.

பிள்ளையைப் பார்த்த டாக்டரம்மா கடைசியில் கையை விரித்துவிட்டார். "பாட்டில் பாட்டிலா மருந்து குடுக்கறதுல பிரயோஜனம் இல்லைம்மா. இந்தப் பஞ்சுக்குள்ளேயே படுக்க வெச்சா நெஞ்சு எப்படிச் சரியாகும்? முதல்ல வீட்டை மாத்துங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"நாலு எட்டு வச்சா வேலைக்குப் போயிருதேன். அது ஒனக்குப் பொறுக்கலையா? ஊரு பூரா இந்தப் பஞ்சுக்குள்ளதான் புள்ள வளக்கு."

"ஊரு புள்ளைக்கு இழுப்பு வந்தா ஊரு பாத்துக்கிடும். நீங்க வீட்டப் பாருங்க. பாக்கற வரைக்கும் அடுப்பு எரியாது," என்றேன்.

ரெண்டு வேளை ஓட்டல் புரோட்டாவைத் தின்று பார்த்தார். வயிறு கேட்கவில்லை. வீடு கிடைத்துவிட்டது.

வேலம்பாளையத்தைத் தாண்டி, தறிச் சத்தமோ மெஷின் சத்தமோ எட்டாத தூரத்தில் ஒரு தோட்டம். நடுவில் ஓட்டு வீடு. அதன் பின்புறம் வரிசையாக நாலு கதவு வைத்த லைன் வீடு. சுற்றிலும் தென்னை. நான் உள்ளே போனதும் முதலில் பார்த்தது சுவர் மூலையைத்தான். விரலால் தடவினேன். மண் ஒட்டியது, பஞ்சு ஒட்டவில்லை. அந்த நிமிஷமே மனசுக்குள் குடிவந்துவிட்டேன்.

வீட்டுக்காரம்மா பெயர் ரங்காத்தாள். வாட்டசாட்டமான பெண். பேச்சில் மட்டும் தேன் ஒழுகும்.

"வாங்க கண்ணு, உக்காருங்க. மோரு குடிக்கறீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. கொழந்தை நெம்ப அழுவுங்களா? எங்க ஞானாம்பாள் மொதப் பிரசவத்துக்கு வந்திருக்கறா. கொழந்தை பொறந்து இன்னும் மாசங்கூட ஆவுலீங்க. சித்தச் சத்தங் கேட்டாலும் திடுக்குனு முழிச்சுக்குது."

"எம்புள்ள அழவே அழாதும்மா," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. மாரிக்கனி அழுது யார் கேட்டிருக்கிறார்கள்? அழுவதற்கு முன்னால் உதடு பிதுங்கும்போதே நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்துவிடுவோமே. ரங்காத்தாள் என் இடுப்பிலிருந்த பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார். வீடு எங்களுக்கு என்று ஆகிவிட்டது.

புதன்கிழமை விடியற்காலம் நல்ல நேரம் பார்த்துக் குடிபோனோம். துணி உருளை ஏற்றிப் போகும் கம்பெனி வண்டியை முதலாளியிடம் கேட்டு வாங்கி, தானே தள்ளிக்கொண்டு வந்தார் குருசாமி. சாமான் என்று பெரிதாக என்ன இருந்தது? ஒரு தகரப் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, பாய், குடங்கள். பனியன் வேஸ்ட்டை அடைத்துத் தைத்த தலையணைகளையும் வண்டியில் போட்டார். ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கடையோரம் வீசினேன். "தலைக்கு என்னத்த வைக்க?" என்றார். "கையை வைங்க," என்றேன். மாரிக்கனி பாய்ச்சுருளின் மேல் ஏறி உட்கார்ந்து, கையில் கரண்டியோடு ஊர்வலம் வந்தாள்.

புது வீட்டில் பால் காய்ச்சும்போதுதான் முதல் தகராறு. ரங்காத்தாள் வந்து கிழக்கே பார்த்து அடுப்பை வைக்கச் சொல்லி, உப்பும் மஞ்சளும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். பால் பொங்குகிறது பொங்குகிறது என்று எல்லோரும் குனிந்து பார்த்தால், பொங்கவில்லை. திப்பி திப்பியாகத் திரிந்தது. பாத்திரத்தில் புளி ஒட்டியிருந்ததோ என்னவோ. அவசரத்தில் நான்தான் விளக்கினேன், யார்மேல் பழி போட? ரங்காத்தாள் முகம் சுருங்கியது. ஆனாலும் வாய் சுருங்கவில்லை.

"அதனாலென்னுங்க கண்ணு. வேற பாலு எங்க ஊட்டுல இருக்குதுங்க," என்று கொண்டுவந்து கொடுத்தார். ரெண்டாவது பால் ஒழுங்காகப் பொங்கியது. சீனி போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானம், வழக்கமாகத் தூங்குகிற நேரத்துக்குப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன். மாரிக்கனி கண்ணைச் சொருகினாள். திறந்தாள். கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பிளந்து அலறினாள்.

கரண்டியை நீட்டினேன், தள்ளினாள். செருப்பு, சாமி படம், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் காட்டியாயிற்று. எதுவும் வேண்டாம். இழுப்பு வந்துவிடுமே என்ற பயத்தில் மருந்தைப் பாலாடையில் ஊற்றி வாயில் புகட்டினேன். பாதியைத் துப்பினாள், பாதி உள்ளே போனது. நல்லவேளை, இழுப்பு வரவில்லை. அரை மனதாகக் கொஞ்ச நேரம் தூங்கினாள். திரும்பவும் எழுந்து அலறினாள். முன்வீட்டிலிருந்து பச்சைப்பிள்ளையின் குரல் அதற்குப் பின்பாட்டுப் பாடியது.

அன்றிலிருந்து அதுதான் வாடிக்கையாகிவிட்டது. தூக்கம் வரும், கண் சொருகும், உடனே எதையோ பறிகொடுத்தவள்போல் திடுக்கிட்டு எழுந்து அலறுவாள். உதடு பிதுங்கியதும் மருந்து. தோளில் போட்டு முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் நடை. எனக்கும் தூக்கம் போனது. பிள்ளை தூங்குகிற சொற்ப நேரத்திலும் நான் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேன். குருசாமி பாயில் புரண்டு புரண்டு படுத்தார். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே தூங்கக்கூடிய மனுஷன் அவர். "புது இடம்ல, அப்படித்தான் இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பக்கத்துக் கதவு ஒச்சாயி, உசிலம்பட்டிக்காரி, பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை. அவள் வந்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி அடித்துத் தொலைத்தது. எல்லோரும் இருமினோம், மாரிக்கனி கூடுதலாக அழுதாள்.

"வீடு ஒத்துக்கலத்தா ஒனக்கு. பால் திரிஞ்சதுன்னா சும்மாவா?" என்றாள் ஒச்சாயி.

ரங்காத்தாளும் அதையேதான் சொன்னார். திரிந்த பாலுக்குப் பரிகாரமாக வெள்ளிக்கிழமை மறுபடி பால் காய்ச்சினோம். வேலம்பாளையத்தில் ஒருவர் கயிறு மந்திரித்துக் கட்டினார். தொட்டிலைத் தெற்கேயிருந்து வடக்கே மாற்றினோம், வடக்கேயிருந்து கிழக்கே. அந்தச் சின்ன அறையில் தொட்டில் போகாத திசை இல்லை. ஊர் உலகத்தில் பிள்ளை அழுதால் சொல்லக்கூடிய காரணம் அத்தனையும் சொல்லியாகிவிட்டது. அவள் அழுகை அசையவில்லை.

ரங்காத்தாள் தினமும் பின்வாசலுக்கு வர ஆரம்பித்தார். கொங்கு நாட்டு மரியாதையை நான் அப்போதுதான் சரியாகப் படித்தேன். முதல் நாள், "கொழந்தைக்கு என்னுங்க ஆச்சு?" என்று கேட்டார். அடுத்து, "சித்த அக்கட்டால தூக்கிட்டுப் போறீங்களாங்க கண்ணு?" அதற்கடுத்து, "ஞானாம்பாளுக்குப் பச்சை ஒடம்புங்க, தூக்கமே இல்லீங்க, நீங்களும் பொம்பளதானுங்களே." எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை போய்விடும். இங்கே கோபம் ஏற ஏற 'ங்க' ஏறுகிறது. இப்படியே சில வாரம் போய், ஒருநாள் அவர் ஒரு வார்த்தைக்கு ஒரு 'ங்க' வீதம் பேசினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. மாசம் பொறந்தா வேற ஊடு பாத்துக்குங்க. உங்களாட்ட நல்ல மனுசங்களுக்கு ஊடா கெடைக்காதுங்க?"

நான் தலையை ஆட்டினேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பஞ்சு இல்லாத ஒரு மூலையை என் பிள்ளைக்குக் கண்டுபிடித்து வைத்தேன். அவளே அதைக் கத்திக் கத்திக் கெடுக்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கரண்ட் போனது. தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்ததால், ரங்காத்தாளின் வீட்டுக்காரர் ஆறுச்சாமி கிணற்று மேட்டுக் கொட்டகையில் டீசல் என்ஜினை ஓட்டினார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காதுக்குப் பக்கத்தில் அலறிக்கொண்டிருந்தவள் பாதி அலறலில் நின்றாள். திரும்பிப் பார்த்தால் தலை தொங்கியிருக்கிறது. எனக்கு உயிர் போய்விட்டது. நெஞ்சில் கையை வைத்தேன். சீராக ஏறி இறங்கியது. தூங்கியிருக்கிறாள்!

வாய்க்கால் மேட்டில் அப்படியே உட்கார்ந்தேன். என்ஜின் தடதடவென்று ஓடியது. அதன் புகையும் சூடும் முகத்தில் அடித்தன. என் கண்ணும் தானாக மூடியது. எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. கரண்ட் வந்ததும் ஆறுச்சாமி என்ஜினை நிறுத்தினார். நின்ற மறுகணம் நானும் திடுக்கிட்டு விழித்தேன், என் மடியில் மாரிக்கனியும் விழித்தாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் வாயைப் பிளந்தாள்.

அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. இங்கே நிட்டிங் மெஷின் சத்தம் இல்லை!

பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்தான் தூங்கியிருக்கிறாள். எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அது எங்கள் காதுக்கே கேட்காமல் போய்விட்டது. கேட்காத சத்தம் நின்றுபோனால் எப்படித் தெரியும்? புளியைப் பிடித்தோம், திசையைப் பிடித்தோம், மிளகாய் சுற்றினோம். தினமும் அந்த மெஷினை ஓட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கே இது தோன்றவில்லை.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் தான் பாயில் புரண்டதை யோசித்தார் போலிருக்கிறது, சிரிப்பு அடங்கியது.

"அப்ப வேலை சுளுவாப் போச்சு. பழைய ரூமு இன்னும் காலியாத்தான் கெடக்கு. சாமான ஏத்திட்டு அங்கனயே போயிருவோம்," என்றார்.

"பஞ்சுக்குள்ளயா?"

"அங்கன தூங்குனால்ல?"

"தூங்குனா. நடுவுல மூச்சு முட்டி நீலம் பாரிச்சும் கெடந்தா. மறந்துபோச்சா?"

"இங்கன மட்டும் என்ன வாழுது? அவ கண்ணப் பாரு, குழிக்குள்ள போயிருச்சு. நீ செத்த பொணம் மாதிரி அலையுற. நான் நேத்து நூலு அறுந்தது தெரியாம மெஷினோட சாஞ்சு நின்னுருக்கேன். வீட்டுக்காரம்மாவும் போகச் சொல்லிட்டாக. எவன் சத்தத்த வாடகைக்குத் தருவான், சொல்லு?"

வேறு வீடு தேடினாலும் பிள்ளை இதே பிள்ளைதான். அமைதியான வீட்டில் அழுவாள், அழுதால் வீட்டுக்காரர் துரத்துவார். மெஷின் ஓடுகிற வீட்டில் தூங்குவாள், தூங்கினால் பஞ்சு துரத்தும். ரெண்டில் எது என்று கேட்டால் ஒரு தாய் என்னத்தைச் சொல்வாள்? தூக்கமில்லாத உடம்பு சண்டைக்கும் லாயக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விடலாம் என்று நானே என் வாயால் சொன்னேன். தோற்றுத்தான் சொன்னேன்.

ஞாயிறு காலையில் அதே வண்டி வந்தது. அடுப்பை முதலில் தூக்கி வைத்தார். பழக்கமான அடுப்பு வண்டியில் ஏறியதைப் பார்த்ததும் மாரிக்கனிக்கு என்ன தோன்றியதோ, வாசலில் நின்று கத்த ஆரம்பித்தாள். மருந்தைத் தேடினேன். நான்தான் காலையில் தகரப் பெட்டியின் அடியில் வைத்துத் துணியைப் போட்டு மூடியிருந்தேன். பெட்டிமேல் குடமும் பாயும் ஏறிவிட்டன. "போற வழியில குடுப்போம், தூக்கி இடுப்புல வை," என்றார் குருசாமி. இடுப்பில் வைத்துக்கொண்டே பாத்திரங்களைச் சாக்கில் போட்டேன். ஒச்சாயி வாங்கினாள், அவளிடமும் கத்தினாள். திரும்ப என்னிடம் வந்தும் கத்தினாள். கொடியை அவிழ்த்தேன், தொட்டில் சேலையை மடித்தேன், அறையைப் பெருக்கினேன். காலி அறையில் அவள் குரல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது. எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

ரங்காத்தாள் முன்வாசல் பக்கமிருந்து வந்தார். கையில் முற்றிய தேங்காய் ரெண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம். வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. துரத்துகிற ஆளுக்கும் தேங்காய் கொடுத்துத் துரத்துகிற ஊர் இது. பழத்தை உரித்து மாரிக்கனியின் வாயில் வைத்தார். அவள் அதைத் துப்பிவிட்டுக் கத்தினாள். ரங்காத்தாளின் முகம் உண்மையிலேயே வாடியது.

"ஏங்கண்ணு, அப்பப் புடுச்சு அழுவறாளே. இத்தன நேரம் அழுதா கொழந்தைக்கு நெஞ்சு வலிக்காதுங்களா?"

நெஞ்சு என்ற வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டேன். பிள்ளையைத் தரையில் நிறுத்திச் சட்டையை மேலே தூக்கினேன். விலாவில் குழியைத் தேடினேன். குழி இல்லை. உதட்டைப் பார்த்தேன். சிவப்பு. மிளகாய்ப் பழம்போலச் சிவப்பு. நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே விசிலும் இல்லை, கரகரப்பும் இல்லை. ஒரு மூச்சு நிறைய காற்றை இழுக்கிறாள், அத்தனையும் கத்தலாக வெளியே வருகிறது. மறுபடி இழுக்கிறாள். தங்குதடையில்லாமல் உள்ளே போகிறது.

"இவ எப்பக் கத்த ஆரம்பிச்சா?" என்றேன்.

"அடுப்ப ஏத்தையில. ஏன்?" என்றார் குருசாமி.

அடுப்பு ஏறி, பெட்டி ஏறி, குடம் ஏறி, பாத்திரம் மூட்டையாகி, வீட்டைப் பெருக்கியும் முடித்துவிட்டேன். நாலு மூச்சுக்குமேல் அழமுடியாத பிள்ளை அத்தனை நேரமும் விடாமல் அழுதிருக்கிறாள். மருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இத்தனை நாளும் இழுப்பு வராததற்கு மருந்துதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே! அவளை அழவிடாமல் ஓடி ஓடிப் பிடித்ததில், இந்த நெஞ்சு சரியானது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிள்ளையின் ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "கத்து தாயி. நல்லாக் கத்து," என்றேன். அவள் நான் சொல்லித்தான் கத்த வேண்டும் என்று இல்லை.

"ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று குருசாமி வண்டியை விட்டுவிட்டு வந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தேன். அப்புறம் அவரும் குனிந்து காதை வைத்தார். அவள் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டே அலறினாள். அவர் தலையை எடுக்கவில்லை.

"விசிலக் காணுமே," என்றார்.

"சாமான இறக்குங்க," என்றேன்.

பிறகு ரங்காத்தாளிடம் திரும்பினேன். அவர் கையில் உரித்த பழத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கெஞ்சத் தெரியாது. மனதில் வந்ததை அப்படியே சொன்னேன்.

"அம்மா, எம்புள்ள அழாதுன்னு சொல்லித்தான் இந்த வீட்டப் புடிச்சேன். அழ முடியாமத்தான் அழாம இருந்தாம்மா. நாலு தடவ கத்துனா மூச்சு நின்னுரும். பஞ்சுல கெடந்து நெஞ்சு கெட்டுப்போயிருந்துச்சு. ஒங்க தோட்டத்துக்கு வந்த பெறகுதான் இப்படிக் கத்துதா. இவள நான் திரும்ப அந்தப் பஞ்சுக்குள்ள கொண்டுபோக மாட்டேன். மெஷின் சத்தமில்லாமத் தூங்கப் பழகுற வரைக்கும் இப்படித்தான் அழுவா. எம்புட்டு நாளாகும்னு எனக்குத் தெரியாது. நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நாங்க போகலை."

ரங்காத்தாள் கிட்டே வந்து குனிந்து, மாரிக்கனியின் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் முன்வீட்டில் பச்சைப்பிள்ளை வீரிட்டது. "அம்மா, இந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லும்மா!" என்று ஞானாம்பாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவள்மேல் என்ன தப்பு? அவளும் தூங்கவில்லை.

"வாரன் கண்ணு," என்று மகளுக்குக் குரல் கொடுத்தார் ரங்காத்தாள். பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். ஒரு 'ங்க'கூடச் சொல்லாமல் போகிறாரே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? குருசாமி வண்டியின் கயிற்றை அவிழ்ப்பதா கட்டுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

முன்வீட்டின் பின்பக்கத்து ஜன்னல் எங்கள் லைனைப் பார்த்தபடி இருக்கும். பிள்ளை பெற்றவள் படுக்கிற அறை அது. தோட்டத்துக் காற்று அந்த ஒரு வழியாகத்தான் உள்ளே போகும். சித்திரை வெயிலில் அதை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை. ரங்காத்தாள் உள்ளேயிருந்து கையை நீட்டி ஒரு கதவை இழுத்தார். அப்புறம் மற்றக் கதவையும் இழுத்தார். உள்ளே ஞானாம்பாள், "புழுங்குதும்மா," என்றது எங்களுக்குக் கேட்டது.

"விசிறிக்கலாங்கண்ணு," என்றார் ரங்காத்தாள். கொக்கியை மாட்டினார்.

குருசாமி வண்டியிலிருந்து அடுப்பைத் தூக்கினார்.